பேலன்ஸ் ஷீட்டைக் காதால் படித்த பேராசிரியர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)

 

"என் மனம் கவர்ந்த ஆசிரியர்" என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளர் அண்ணன் போன் செய்தார். நம் கல்லூரி ஆசிரியர் ஒருவரைப் பற்றிப் பேசினால் மற்றவர்கள் மனம் வருந்துமே என்று யோசித்தேன். இனிமேல் யாரும் என் இன்டர்னல் மார்க்கில் கைவைக்க முடியாது. ஆனாலும் அந்தப் பழைய பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால் நான் நேரில் பார்க்காத, இனி பார்க்கவும் முடியாத ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் பெயர் ஏப்ரகாம் பிரிலாஃப். நியூயார்க்கில் கணக்கியலும் தணிக்கையும் சொல்லிக்கொடுத்தவர்.

"சிவில் படிச்சவனுக்கு ஆடிட்டர் வாத்தியாரோட என்னடா வேலை?" என்று என் வகுப்புத் தோழர்கள் முதல் வரிசையில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. வேலை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடலாம். லேபில் நாம் எல்லோரும் ரீடிங் 'சமைத்திருக்கிறோம்'. வர வேண்டிய விடை இன்னதென்று சீனியரின் ரெக்கார்டில் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நடுநடுவே கொஞ்சம் பிழையும் கலந்து, நம்பும்படியாக ஒரு டேபிள் எழுதுவோம். கையெழுத்து வாங்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விடுவோம். நான் சமைத்ததே இல்லை என்று சொல்பவர் இந்த அரங்கில் இருந்தால் கை தூக்கலாம். (மூன்று பேர் தூக்கினார்கள். மூவரும் பேராசிரியர்கள்.)

இதே சமையலைக் கோடிக்கணக்கான டாலரில் கம்பெனிகள் செய்தபோது, அந்த ரெக்கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த ரீடிங் எப்படி வந்தது?" என்று பொது இடத்தில் கேட்டவர்தான் பிரிலாஃப்.

அவர் 1917இல் நியூயார்க்கில் பிறந்தார். படித்தது அந்த நகரத்தின் சிட்டி காலேஜில். அந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1976 வரை அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. கப்பலேறி வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள், காசு இல்லாததால் வேறு வாசல் திறக்காத பிள்ளைகள், அந்த வாசல் வழியாக டாக்டர்களாகவும் வக்கீல்களாகவும் கணக்காளர்களாகவும் வெளியே வந்தார்கள். பிரிலாஃப் 1937இல் பட்டம் பெற்றார். சில காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். பிறகு 1940களில், தான் படித்த அதே கல்லூரிக்கு ஆசிரியராகத் திரும்பி வந்தார். அதன் வணிகவியல் பிரிவு 1968இல் பரூக் கல்லூரி என்ற தனிக் கல்லூரியானது. கடைசிவரை அதுவே அவர் வீடு. அவர் வகித்த சிறப்புப் பேராசிரியர் பதவிக்கு இமானுவேல் சாக்ஸ் என்று பெயர். அதே கல்லூரியில் அவருக்கு முன்னால் கணக்கியல் கற்பித்து, டீனாகவும் இருந்தவருடைய பெயர் அது. முன்னாள் மாணவர் சங்க விழாவில் இதைவிடப் பொருத்தமான வரலாறு வேறு எது இருக்க முடியும்?

முனைவர் பட்டம் வாங்கியது 1965இல், நாற்பது வயதைத் தாண்டிப் பல வருஷம் ஆன பிறகு. எடுத்துக்கொண்ட கேள்வி மிக எளிமையானது. கம்பெனி வெளியிடும் கணக்கு, அதைப் படிப்பவனுக்கு உண்மையைச் சொல்கிறதா? ஆடிட்டர் தன் சான்றிதழில் எழுதும் வார்த்தைகளுக்கு ஆடிட்டர் ஓர் அர்த்தம் வைத்திருக்கிறார், பங்கு வாங்குகிறவன் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறான் என்பதே அவர் கண்டது.

அந்தச் சான்றிதழின் மையமான வாசகத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கியல் விதிகளின்படி, இந்தக் கணக்கு கம்பெனியின் நிலையை நியாயமாகக் காட்டுகிறது.' ஆடிட்டர்கள் 'விதிகளின்படி' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். பிரிலாஃப் 'நியாயமாக' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். விதிப்படி எல்லாம் சரியாக இருந்து, படிக்கிறவன் மட்டும் ஏமாந்துபோனால், அது நியாயமா என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க அவர் போட்ட சண்டை இந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் நடந்ததுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1960களில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விழுங்குவது பெரிய மோஸ்தராக இருந்தது. அப்போது 'பூலிங்' என்றொரு கணக்கு முறை அனுமதிக்கப்பட்டிருந்தது. நம்ம ஊர்க் கணக்கில் பார்ப்போம். நான் 100 கோடி மதிப்புள்ள என் கம்பெனிப் பங்குகளைக் கொடுத்து உங்கள் கம்பெனியை வாங்குகிறேன். உங்கள் புத்தகத்தில் நிலமும் கட்டடமும் பழைய விலையில் 10 கோடி என்று இருக்கிறது. நான் கொடுத்ததோ 100. ஆனால் பூலிங் முறையில் என் புத்தகத்தில் அந்த 10 கோடியைத்தான் எழுதுவேன். மீதி 90 கோடி எங்கேயும் தெரியாது. அடுத்த வருஷம் உங்கள் நிலத்தில் பாதியை 50 கோடிக்கு விற்கிறேன். புத்தகத்தில் அதன் விலை 5 கோடி. ஆகவே 45 கோடி லாபம்! உண்மையில் நான் சம்பாதித்தது ஒன்றுமில்லை. 100 கோடி கொடுத்து வாங்கியதில் பாதியை 50 கோடிக்கு விற்றிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் பத்திரிகையில் லாபம் குவிந்ததாக வரும், பங்கு விலை ஏறும், ஏறின பங்கைக் கொடுத்து அடுத்த கம்பெனியை வாங்கலாம். அதற்கும் மேலே ஒரு சௌகரியம். வருஷக் கடைசியில் வாங்கினாலும், வாங்கிய கம்பெனி அந்த வருஷம் முழுக்கச் சம்பாதித்ததை என் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். கடைசிப் பந்தில் களம் இறங்கியவன் மொத்த ரன்னையும் தன் பெயரில் போட்டுக்கொள்வது போல.

இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் 'விதிகளின்படி'. 1967இல் 'தி அக்கவுண்டிங் ரெவ்யூ' என்ற ஆய்விதழில் 'டர்ட்டி பூலிங்' என்று தலைப்பிட்டு பிரிலாஃப் இதைப் போட்டு உடைத்தார். ஆய்விதழில் எழுதினால் படிப்பவர்கள் பேராசிரியர்கள் மட்டும்தானே! அதனால் 1968 முதல் 'பாரன்ஸ்' என்ற முதலீட்டாளர் வார இதழில் எழுத ஆரம்பித்தார். இன்ன கம்பெனி, இன்ன வருஷத்து அறிக்கை, இன்ன குறிப்பு, இதோ சமையல் என்று பெயர் சொல்லி எழுதினார்.

விளைவு என்ன தெரியுமா? பங்கு விலைகள் விழுந்தன. 1974 ஜூலையில் மெக்டொனால்ட்ஸ் கம்பெனியின் கணக்கைப் பற்றி எழுதினார். அந்தப் பங்கும் விழுந்தது. ஜார்ஜ் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர் பிரிலாஃபின் கட்டுரைகளை வரிசையாக எடுத்து ஆராய்ந்து 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரிலாஃப் குறை சொன்ன கம்பெனிகளின் பங்குகள் சராசரியாக 8 சதவீதம் அளவுக்கு உடனே இறங்கின என்பது அவர் கண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரிலாஃபிடம் ரகசியம் எதுவும் கிடையாது. உள்ளே இருந்து யாரும் காகிதம் கடத்திக் கொடுக்கவில்லை. அவர் படித்ததெல்லாம் கம்பெனிகளே அச்சிட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிய ஆண்டறிக்கையும், அரசிடம் தாக்கல் செய்து யாரும் போய்ப் பார்க்கக்கூடிய பத்திரங்களும்தான். எல்லோர் கையிலும் இருந்ததை அவர் படித்தார். மற்றவர்கள் படிக்கவில்லை. அதிலும் பின்னால் பொடி எழுத்தில் வரும் குறிப்புகளை, 'இதையெல்லாம் யார் படிப்பா' என்று நாம் புரட்டிவிடும் பக்கங்களை, அவர் முந்தின வருஷத்து அறிக்கையோடு வைத்து ஒப்பிட்டுப் படித்தார். மெய்ஞ்ஞானம் எல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் இருந்தது.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? ரிலையன்ஸ் என்ற அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி (நம்ம ஊர் ரிலையன்ஸ் இல்லை) அவர் மீதும் பாரன்ஸ் மீதும் அவதூறு வழக்குப் போட்டது. 1977இல் நியூயார்க் மத்திய நீதிமன்றம், விசாரணைக்கு எடுக்காமலேயே பிரிலாஃப் தரப்புக்குச் சாதகமாக முடித்துவைத்தது. சக கணக்காளர்களில் பலருக்கு அவரைப் பிடிக்காது. சொந்த வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுகிறார் என்ற கோபம். அவரோ 1972, 1976, 1981 என்று மூன்று புத்தகங்களாகக் கொட்டினார். முதல் புத்தகத்தின் பெயர் 'அன்அக்கவுண்டபிள் அக்கவுண்டிங்'. பொறுப்பில்லாத பொறுப்பேடு என்று நான் தமிழ்ப்படுத்திக்கொண்டேன்.

இப்போது இந்த உரையின் தலைப்புக்கு வருகிறேன். பிரிலாஃபுக்குக் கண்ணில் கிளாக்கோமா. பார்வை மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் சட்டப்படி பார்வையற்றவர் என்ற நிலைக்கு வந்துவிட்டார். கணக்கைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு! பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கணக்காளராகவே ஆன அவருடைய மகள் அப்படி வாசித்தவர்களில் முக்கியமானவர். எண்களை நினைவில் அடுக்கி, எது எதோடு ஒட்டவில்லை என்று மனதுக்குள்ளேயே பிடிப்பார். இரண்டு கண்ணும் நன்றாக இருந்தவர்கள் தாண்டிப் போனதை அவர் காதால் கேட்டுப் பிடித்தார். நான் இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவர் 1960களிலிருந்தே திரும்பத் திரும்பச் சொல்லிவந்த இன்னொரு விஷயம் உண்டு. ஆடிட்டருக்குச் சம்பளம் தருவது யார்? தணிக்கை செய்யப்படும் அதே கம்பெனி. அது போதாதென்று, ஆடிட் நிறுவனமே அதே கம்பெனிக்கு ஆலோசனை சொல்லியும் ஃபீஸ் வாங்குகிறது. ஆலோசனை வருமானம் பெருகப் பெருக, ஆடிட்டரின் பேனா தயங்கும். ஆகவே ஆடிட்டர் ஆடிட் மட்டும் செய்யட்டும், மற்ற வியாபாரத்தை விடட்டும் என்றார். ஆடிட்டரின் உண்மையான எஜமானன், கையில் ஃபீஸ் கொடுப்பவன் இல்லை. அந்தக் கையெழுத்தை நம்பிப் பணம் போடுகிற, ஆடிட்டர் முகத்தைக்கூடப் பார்த்திராத எவனோ ஒருவன் என்பதுதான் அவர் வாதம்.

இங்கேதான் நண்பர்களே, அவர் எனக்கு ஆசிரியரானார்.

என் வேலை கட்டுமானத் தர ஆய்வு. 'தேர்ட் பார்ட்டி இன்ஸ்பெக்‌ஷன்' என்பார்கள். கட்டுகிறவர் ஒரு பார்ட்டி, கட்டச் சொன்னவர் ஒரு பார்ட்டி, நடுவில் நியாயம் சொல்ல நாங்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு சைட்டில் கான்கிரீட் கியூப் ரிஜிஸ்டரைக் கையெழுத்துக்காக நீட்டினார்கள். சிவில் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கான்கிரீட் போடும்போதும் அதே கலவையில் 150 மில்லிமீட்டர் கியூப்கள் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, 28ஆம் நாள் மெஷினில் உடைத்து வலிமை பார்க்க வேண்டும். நான் ரிஜிஸ்டரைப் பார்க்கிறேன், அடுத்த வாரம் உடைக்க வேண்டிய கியூபுக்கு இந்த வாரமே ரிசல்ட் எழுதியிருக்கிறது. கியூப் பாவம், தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. "சார், எப்படியும் பாஸ்தான் ஆகும். மாசக் கடைசி, பில் போகணும். போட்டுடுங்க" என்றார்கள்.

நான் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் கியூப்கள் உடைக்கப்பட்டன. எல்லாம் பாஸ். கட்டடம் இன்றும் திடமாக நிற்கிறது. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏதாவது ஆகியிருந்தால்கூடத் தப்பு என்று தெரிந்திருக்கும். ஒன்றும் ஆகாததுதான் ஆபத்து. அடுத்த தடவை கை இன்னும் சுலபமாகப் போகுமே!

என் மனைவி ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். ஒரு நாள் ராத்திரி அவளிடம் இதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, உங்க இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஃபீஸ் யார் தர்றாங்க?" "கான்ட்ராக்டர்தான். டெண்டர்லயே அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன். "அப்ப எங்க கதைதான் உங்க கதையும்" என்று சொல்லிவிட்டு, பிரிலாஃபைப் பற்றிச் சொன்னாள். அவர் எழுதியவற்றைத் தேடி எடுத்துப் படிக்கவும் கொடுத்தாள்.

அடுத்த முறை அதே மாதிரி ரிஜிஸ்டர் வந்தபோது, "கியூப் உடையட்டும், அப்புறம் போடுறேன்" என்று சொன்னேன். வீரம் எதுவும் இல்லை. உள்ளுக்குள் நடுக்கம்தான். பில் பத்து நாள் தள்ளிப்போனது. நாலு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொஞ்ச நாளில் என்னை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். அந்தக் கட்டடத்தில் குடிவரப்போகிற எவருக்கும் என் முகம் தெரியாது. ஆனால் அவர்களுக்காகத்தான் எனக்குச் சம்பளம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பிரிலாஃபின் கதையை முடிக்கிறேன். 1970இல் பூலிங் முறைக்கு 12 நிபந்தனைகள் போட்டார்கள். ஓட்டைகள் அடையவில்லை. கடைசியில் 2001 ஜூனில்தான் அமெரிக்கக் கணக்கியல் தர வாரியம் பூலிங்கை அடியோடு ஒழித்தது. அவர் முதலில் எழுதியது 1967. இடையில் 34 வருஷம்! அதே 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. அதன் ஆடிட்டர் ஆர்தர் ஆண்டர்சன். 2000ஆம் ஆண்டில் என்ரானிடமிருந்து ஆடிட்டுக்காக அந்த நிறுவனம் பெற்றது 2.5 கோடி டாலர், ஆலோசனை முதலிய மற்ற வேலைகளுக்காகப் பெற்றது 2.7 கோடி டாலர். பிரிலாஃப் வருஷக்கணக்காகச் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான பேலன்ஸ் ஷீட் வேண்டாம். 2002இல் வந்த சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டம், ஆடிட்டர்கள் தாங்கள் தணிக்கை செய்யும் கம்பெனிக்குப் பல வகை ஆலோசனைச் சேவைகள் செய்வதைத் தடைசெய்தது. ஆடிட்டர்களைக் கண்காணிக்கத் தனி வாரியமும் வந்தது.

நம் நாட்டுக்கும் அந்தப் பாடம் வந்தது. 2009 ஜனவரி 7ஆம் தேதி என் செட் மாணவர்களுக்கு நினைவிருக்கும். ஹாஸ்டல் டி.வி. அறையில் சத்யம் செய்தி. கையில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் சுமார் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று தலைவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். "ஆடிட்டர் என்னடா பண்ணிட்டிருந்தான்?" என்று அறையே கத்தியது. அன்றைக்கு நானும் கத்தினேன். சில வருஷம் கழித்து அதே நான், உடைக்காத கியூபுக்குக் கையெழுத்துப் போட்டேன். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் நம் நாட்டிலும் ஆடிட்டர்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னின்ன சேவைகள் செய்யக் கூடாது என்று விதித்தது. விதிகள் அவசியம்தான். ஆனால் விதி பேனாவைப் பிடிக்காது. கைதான் பிடிக்கும்.

பிரிலாஃப் 2013 டிசம்பரில், 96ஆவது வயதில் காலமானார். அவர் பெரிய ஆடிட் நிறுவனம் எதற்கும் தலைவராக இருந்ததில்லை. சட்டம் இயற்றும் பதவியிலும் இல்லை. ஒரு நகரக் கல்லூரியின் வாத்தியார். அவர் செய்தது இரண்டே காரியம். கடைசிப் பக்கம் வரை படித்தார். படித்ததை உரக்கச் சொன்னார்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்கள் கையில் ஒரு பேனா வரும். டிராயிங்கோ, டெஸ்ட் ரிப்போர்ட்டோ, சாஃப்ட்வேரோ, ஏதோ ஒன்றுக்குக் கீழே உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள். கேட்பவர் நல்லவராகவே இருப்பார், அவசரமும் நிஜமாகவே இருக்கும். அப்போது, 'இதை நம்பி இருக்கப்போகிறவர் யார்?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பழக்கத்தை லேபிலிருந்தே ஆரம்பிக்கலாம். ரீடிங் சரியாக வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதிக்கொண்டு போங்கள். சார் ரெண்டு மார்க் குறைப்பார், உயிரையா எடுத்துவிடுவார்? (பேராசிரியர்களே, நீங்களும் கொஞ்சம் மனசு வைத்து, உண்மையாக எழுதிய தப்பு ரீடிங்குக்கு ரெண்டு மார்க் கூடவே போடுங்கள்.)

இந்த உரையை மலரில் போடும்போது கியூப் விஷயத்தை எடுத்துவிடலாமா என்று மலர்க்குழுவினர் அன்போடு கேட்டார்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இது என் கணக்கின் பின்பக்கக் குறிப்பு. அதையும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவு நேரம் பேசினேன்!